பதினோரு நாள் நிற்கும் வெள்ளை முளை

என் உடன்பிறந்த அக்கா மறைந்து இந்தத் தையோடு ஒரு வருடம் நிறைகிறது. அவருடைய முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்களுக்கும், தம்பியாகிய நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசப் பேச, வட்டகொடை ரயில் நிலையத்தில் வேலை செய்யும் அக்காவின் மருமகன் அச்சுக்கு ஏற்ற தமிழில் எழுதித் தருகிறார். என் பேச்சு வேறு பக்கம் போகும்போது அவர் பேனாவை மூடி வைத்துக் காத்திருப்பார். பாவம், நிறையக் காத்திருந்தார்.

அக்கா பிறந்தது கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் அறைகளில் மூன்றாவது காம்பிராவில். நான் அதே காம்பிராவில் நாலு வருடம் கழித்துப் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர்கள். எந்த ஊர் என்று அப்பா சொல்லியிருக்கிறார், நான் மறந்துவிட்டேன். அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா பத்து வயதில் கூடை தூக்கினார். கூடையின் அடி கெண்டைக்காலில் இடிக்கும். அப்படியும் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

பதினாறு வயதில் எங்கள் தாய்மாமனுக்கே அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமன் இருந்தது நான்காவது காம்பிரா. கல்யாணம் முடிந்து அக்கா போன தூரம் ஒரு சுவர். எங்கள் குடும்பத்தில் யாரும் பெண் தேடித் தோட்டத்தைத் தாண்டிப் போனதில்லை. என் மனைவி காத்தாயி இன்னொரு தாய்மாமனின் மகள். அவளும் அதே லயம். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்பார் அம்மா. கடல் தாண்டி வந்தவர்களுக்கு வேறு என்ன இருந்தது?

அக்காவுக்கு முதலில் பிறந்த மூன்றும் ஆண் பிள்ளைகள். மூன்றும் நன்றாகப் பிறந்தன, நன்றாகப் பால் குடித்தன. ஏழெட்டு நாள் போனதும் மாரிலிருந்து முகத்தைத் திருப்பும். பிறகு அழவும் செய்யாது. முதல் பிள்ளை பதினோராம் நாள் போனது. இரண்டாவதும் பதினோராம் நாள். மூன்றாவது ஒரு நாள் கூடுதலாக இருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் குளிர் என்றார். பூசாரி வேறொன்று சொன்னார், ஆடு வெட்டினோம். மூன்று பிள்ளைகளையும் குழிக்குக் கொண்டு போனவன் நான்தான். மூன்றுக்கும் ஒரே முகம். அண்ணன் தம்பி சாயல் என்று சொல்லும்படியான ஒற்றுமை இல்லை. போன பிள்ளையே மறுபடி வந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை துணியை விலக்கிப் பார்த்தபோது, நீ இன்னும் போகலையா என்று என் வாயில் வந்துவிட்டது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான்காவது முத்தம்மா. அவள் பிறந்து பதினோராம் நாளும் பன்னிரண்டாம் நாளும் அக்கா அவளைத் தரையில் கிடத்தவே இல்லை. அவள் தங்கினாள். தொட்டிலில் கிடக்கும்போதே அவள் என் மகன் சின்னையாவுக்கு என்று பேசி முடித்தோம். அத்தை மகள், முறைப்பெண். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முத்தம்மாவுக்கு ஏழு வயதானபோது மாமன் காலமானார். அதற்குப் பிறகு அக்கா ஒற்றை ஆள் சம்பளத்தில் அவளை வளர்த்தார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் என் வீட்டில் வந்து நின்றதில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். எங்களுக்கெல்லாம் ஓட்டு இல்லை என்று ஆகி, எங்கே பிறந்தாய், அப்பன் எங்கே பிறந்தான் என்று காகிதம் கேட்ட காலம். அப்போது எங்கள் தோட்டத்தில் தேயிலை செத்துப்போன ஒரு மலைச்சரிவைச் சோளம் போட்டுப் பார்க்கவென்று வாங்கிக்கொண்டு ஒரு சிங்கள ஐயா வந்தார். நல்ல மனிதர். தமிழ் பேசுவார், கொஞ்சம் தடுக்கும். கை நிதானமான ஆள் வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் கேட்டு அக்காவை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சோளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு செடியின் உச்சிப்பூவில் வரும் தூளை அதே செடியின் கதிரில் தட்டி, வேறு தூள் ஒரு துளியும் படாமல் காகிதப் பை கட்டுவார்கள். அந்த விதையை முளைக்க வைத்து மறுபடி அதே மாதிரி. அப்படி ஆறேழு தலைமுறை தனக்குத் தானே சேர்ந்த வகைகள் ஐயாவிடம் முப்பது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், எந்த ஊரில் எடுத்தது என்று ஒரு சீட்டு.

"சோளத்துக்குக்கூட ஊர் எழுதி வச்சிருக்காங்க தம்பி, நமக்குத்தான் இன்னும் யாரும் எழுதல" என்றார் அக்கா, சீட்டைப் பார்த்து.

முப்பது வகையில் எது எதற்குக் கிட்டம், எது எதற்குத் தூரம் என்று கண்டுபிடிப்பதுதான் ஐயாவின் வேலை. தூரத்து வகை இரண்டைச் சேர்த்தால் ஆளைத் தாண்டி வளரும், கதிர் முழங்கை நீளம் வரும். கிட்டத்து வகைகளைச் சேர்த்தால் இடுப்புக்கு மேலே வராது. தனக்குத் தானே சேர்ந்தவை எல்லாம் நோஞ்சான்கள். ஆனால் ஒரு வகைக்குள் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் வித்தியாசமே கிடையாது. ஒரே உயரம், ஒரே கணுவில் ஒரே திசைக்கு வளைந்த தோகை. நாற்பது செடி நின்றாலும் ஒருத்தியே நாற்பது தடவை நிற்கிற மாதிரி. காற்று வந்தால் நாற்பதும் ஒன்றாகத் திரும்பும். பிற்பகலில் மூடுபனி இறங்கும்போது தலைக்கு மேல் பை கட்டிய நிரைகளைப் பார்த்தால், முகத்தை மூடிக்கொண்ட கூட்டம் எதற்கோ காத்திருப்பது போல் இருக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பெண்கள் அந்தக் குறுக்குப் பாதையை விட்டுவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். நானும் ஒரு நாள் அக்காவுக்குச் சோறு கொண்டு போய், மழைக்குச் சாக்குக் கொங்காணியைத் தலையோடு போர்த்தி நின்ற அவரைச் செடி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து "தம்பி" என்று கேட்டபோது திரும்பப் பயமாக இருந்தது. எந்தச் செடி கூப்பிட்டது என்று தெரியவில்லை.

அக்காவுக்கு அந்த வேலை கைவந்துவிட்டது. ஒரு நாள் ஐயாவிடம், "பன்னெண்டாம் நம்பரும் பத்தொன்பதாம் நம்பரும் பங்காளிங்க, ஐயா" என்றிருக்கிறார்.

"அது எப்பிடி அக்கா? ரெண்டும் வேற வேற ஊரு."

"ஊரு வேறதாங்க. கதிர்ல வர்ற நூலைப் பாருங்க, தோகையோட அடியில இருக்கிற செவப்பைப் பாருங்க. ஒரே வீட்டு ஆளுங்க. யாரோ மூட்டை கட்டிக்கிட்டு ஊரு மாறிப் போயிருக்காங்க. நாங்க வந்த மாதிரி."

ஐயா இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். இடுப்புயரம்கூட வரவில்லை. அன்றிலிருந்து அக்கா பேச்சுக்கு மரியாதை.

முப்பதில் பதினேழாம் நம்பர் மட்டும் புதிதாக எடுத்த வகை. இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது. அதன் விதையைப் போட்டபோது பச்சை முளைகளுக்கு நடுவே அங்கங்கே வெள்ளையாக வந்தது. மஞ்சள் கலந்த வெளிறல் இல்லை. உப்பு மாதிரி வெள்ளை. அழகாக நிமிர்ந்து நின்றது. பத்துப் பதினோரு நாளில் எல்லாம் சரிந்தன.

"விதைல அம்மா கட்டிக் குடுத்த சாப்பாடு இருக்கு. அது முடியிற வரைக்கும் நிக்கும். பச்சை இல்ல, சொந்தமா சமைக்கத் தெரியாது. சாப்பாடு முடிஞ்சா முடிஞ்சுது" என்று ஐயா விளக்கியிருக்கிறார். "தாய்ச்செடியைப் பாரு, நல்ல பச்சை. ஆனா அதுக்குள்ள ஒளிஞ்சு இருக்கு. ஒளிஞ்ச ரெண்டு ஒண்ணு சேந்தா வெளிய வரும்."

எத்தனை நாள் என்று அக்கா இரண்டு தடவை கேட்டாராம்.

அக்கா ஒரு யோசனை சொன்னார். தனக்குத் தானே சேர்ந்தால் கெட்டது வெளியே வரும், பங்காளிக்குள் சேர்ந்தாலும் வரும், சரி. முறையோடு சேர்த்தால்? பதினேழில் ஒரே கதிரில் பிறந்த இரண்டு செடி; ஒன்றின் தூளை வெளியே வேறு வகைக்குக் கொடுத்தார், மற்றதற்கு இன்னொரு வெளி வகையின் தூளை எடுத்தார். "இது அண்ணன் பிள்ளை, அது தங்கச்சி பிள்ளை. முறைதானேங்க, ஐயா" என்று அடுத்த போகத்தில் அந்த இரண்டையும் சேர்த்தார். ஐயா சிரித்தார், செய்யட்டும் என்று விட்டார். கதிர் அருமையாக வந்தது. தடித்த மணிகள், ஒரு பொக்கு இல்லை. அக்கா அதை உதிர்த்து ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தார். சாமி வைத்த முறை தப்பாது என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்தத் தையில்தான் சின்னையாவுக்கும் முத்தம்மாவுக்கும் கல்யாணம் வைத்தோம். கல்யாணத்துக்கு முன்னால் நவதானியத்தைப் பாலிகைச் சட்டியில் போட்டு முளைக்க வைப்பது நம்மிடம் வழக்கம். முளை செழித்தால் குடும்பம் செழிக்கும். அக்கா காட்டில் இருந்த நேரம், காத்தாயி சோளம் கொஞ்சம் வேண்டும் என்று அவர் காம்பிராவுக்குள் போய், பரணில் இருந்த டப்பாக்களைத் திறந்து பார்த்து, இருப்பதிலேயே நல்ல மணியாக ஒரு கை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுப்புச் சூட்டில் சட்டியை வைத்து, முளை கட்டியதும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வைத்தோம். இரண்டு நாளில் பயறும் நெல்லும் பச்சையானது. சோளத்திலும் பச்சை வந்தது. அதற்கு நடுவே நாலைந்து, உப்பு வெள்ளையில், மற்றதைவிட நேராக நின்றது.

லயமே வாசலில் கூடிவிட்டது. "அம்மாளுக்கு என்ன குறை வச்சீங்க?" என்றார் ஒருவர். "சட்டியில பொணத்துக்குப் போத்துற துணி கலர்ல முளைச்சிருக்கு, இந்தக் கல்யாணம் நடந்த மாதிரிதான்" என்றாள் எதிர்க் காம்பிராக்காரி. காத்தாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போது அக்கா வந்தார். கொங்காணியைக் கழற்றாமல் குனிந்து பார்த்தார்.

"எங்கேருந்து எடுத்த?"

"உங்க பரண்லதான் மதினி. நல்ல மணியா இருந்துச்சு, அதான்."

அக்கா வெள்ளை முளைகளை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். முகத்தில் ரத்தமே இல்லை. நிமிர்ந்து, "தம்பி, என்னோட வா" என்றார்.

சோளக்காட்டுக்குக் கூட்டிப் போனார். மணி மூன்று இருக்கும். பனி இறங்கிவிட்டது. பை கட்டிய நிரைகளுக்கு நடுவே நின்று பேசினோம். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அக்கா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"சின்னையாவுக்கு முத்தம்மாவைக் குடுக்க மாட்டேன்."

"முளை வெள்ளையா வந்ததுக்கா? பூசாரியக் கூப்பிட்டுக் கழிச்சுப்போடலாம்."

"சாமி கோவம் இல்ல தம்பி. அந்த விதை முறையோட சேர்த்தது. அண்ணன் பிள்ளை, தங்கச்சி பிள்ளை. அதுலயும் வந்துருச்சு. மாமன் மச்சான், பங்காளின்னு நாமதான் பிரிச்சு வச்சிருக்கோம். ஒளிஞ்சிருக்கிறதுக்கு எல்லாம் ஒரே வீடு." பக்கத்துக் கதிரின் பையை இறுக்கிக் கட்டினார். "என் மூணும் எத்தனாவது நாள் போச்சு? உனக்குத் தெரியும், நீதானே தூக்கிட்டுப் போன. உன் வீட்லயும் சின்னையாவுக்கு முன்னாடி ஒண்ணு போச்சே, அது எத்தனாவது நாள்?"

அது பத்தாவது நாள். அதை நாங்கள் அக்கா பிள்ளைகளோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததே இல்லை.

"எனக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு, உனக்குள்ளயும் இருக்கு. நம்ம பிள்ளைங்க ரெண்டுக்குள்ளயும்? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொறந்து பதினோரு நாள் கழிச்சுத்தான் தெரியும். முத்தம்மா அப்பிடி உக்காந்திருக்கிறத நான் பாக்க மாட்டேன்."

பந்தல் கால் நட்டாகிவிட்டது, கந்தப்பளைக் கடையில் சேலை எடுத்தாகிவிட்டது. முறைப்பெண்ணைத் தர மாட்டேன் என்றால் கேட்ட வீட்டு ஆண் தோட்டத்தில் தலை நிமிர முடியாது. கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. "மூணு பிள்ளையைத் தின்னவ நீ. இப்ப என் பிள்ளைக்கும் வாயைத் திறக்கிற" என்றேன்.

காற்று வந்தது. அவருக்குப் பின்னால் பை போட்ட தலைகள் எல்லாம் ஒன்றாக என் பக்கம் திரும்பின. நான் ஓடி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் நான் அக்காவோடு பேசவில்லை. இரண்டு காம்பிராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். முத்தம்மாவை அக்கா வட்டகொடையில் ஒரு அந்நியக் குடும்பத்தில் கொடுத்தார். நான் போகவில்லை. இதை எழுதுகிற மாப்பிள்ளை இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டார். மூட வேண்டாம், எழுதுங்கள் என்றேன். சின்னையாவுக்குப் பதுளைப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத இடத்தில் பெண் எடுத்தோம். வேறு வழி இல்லை, பக்கத்தில் யாரும் தரவில்லை.

ஐயா சோளத்தை முடித்துக்கொண்டு போனார். சரிவில் மறுபடி தேயிலை வைத்தார்கள். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை, கொஞ்ச நாள், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா யாரோடோ பேசுவது கேட்கும். கொஞ்சுகிற பேச்சு. பதில் வராது. பத்துப் பன்னிரண்டு நாள் கேட்கும், அப்புறம் நின்றுவிடும். "மதினிக்குப் புத்தி தடுமாறுது" என்றாள் காத்தாயி. நான் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுப்பதை விட்டுவிட்டேன்.

போன வருடம் மார்கழியில் அக்கா படுத்துவிட்டார், நெஞ்சுச் சளி. முத்தம்மா வந்து என் வாசலில் நின்று, "மாமா, அம்மா உங்களைக் கூப்பிடுது" என்றாள். உள்ளே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டி. அதில் பச்சை முளை கொஞ்சம், வெள்ளை முளை இரண்டு.

"வா தம்பி. எட்டு வருஷம் சுவர் ஏறிக் குதிக்க வேண்டியிருந்துச்சோ?" என்றார் அக்கா. சிரித்து, இருமினார்.

"இது என்ன அக்கா?"

"நம்ம பாலிகைச் சட்டி விதை. டப்பாவுல மிச்சம் இருந்தத லயத்துக்குப் பின்னால போட்டேன். வருஷா வருஷம் அஞ்சாறு செடி, பை கட்டி எடுத்து வச்சிருக்கேன். வெள்ளையில இருந்து விதை எடுக்க முடியாது, அது நிக்காது. பச்சைக்குள்ள ஒளிஞ்சு வரும். அதான் பச்சையை வளர்க்கிறேன்."

"இதை வச்சு என்ன செய்யிற?"

"பாத்துக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு என் பிள்ளைங்களைப் புதைச்ச மூணாம் நாளே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகச் சொல்லிட்டாங்க. யாரும் உக்காந்து பாக்கல. இது எனக்குத் தெரிஞ்ச நாளு, தெரிஞ்ச கணக்கு. இன்னைக்கு ஒன்பது. எனக்கு எந்திரிச்சு உக்கார முடியல தம்பி. நீ கொஞ்சம் உக்காரு."

உட்கார்ந்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் சட்டிக்குத் தண்ணீர்தான் தெளித்தேன். பதினோராம் நாள் காலையில் இரண்டு முளையும் அடியில் கண்ணாடி போலாகிச் சாய்ந்தன. "போச்சு அக்கா" என்றேன். "சரி" என்றார். மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார்.

அடக்கம் செய்த மறுநாள் பால் தெளிக்கும்போது புதைமேட்டில் நவதானியம் போடுவோம் அல்லவா, சோளத்தை மட்டும் அக்காவின் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டேன். எட்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு முளை வந்திருந்தது. ஒன்பது பச்சை. தலைமாட்டில் மூன்று வெள்ளை, ஒரே உயரம், ஒரே பக்கம் தோகை. காற்று வந்தபோது மூன்றும் ஒன்றாகத் திரும்பின.

அக்கா படுத்திருந்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்க் காம்பிரா அம்மாவுக்கும், மழையில் குழி வெட்டிய மேட்டு லயத்து ஆட்களுக்கும், பெட்டி கொடுத்த கந்தப்பளைத் தச்சருக்கும், இரவல் வாங்கிய பாத்திரங்களை இன்னும் திருப்பிக் கேட்காத கோயில் கமிட்டிக்கும், இதை எழுதிக் கொடுத்த மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முத்தம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னையாவுக்கு மூன்று. ஐந்தும் பதினோராம் நாளைத் தாண்டி, இன்று பந்தலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கான நன்றியைச் சொல்ல வேண்டியவருக்கு நான் நேரில் சொல்லவில்லை.

திதிக்கு வருகிறவர்கள் என் காம்பிரா வாசலில் ஒரு மண்சட்டியைப் பார்ப்பீர்கள். அன்றைக்கு அதற்கு ஏழாம் நாள். வெள்ளையாக நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். அது இன்னும் நாலு நாள்தான் நிற்கும். நான் பந்திக்கு எழுந்து போகிற நேரம், உங்களில் யாராவது கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.